வண்டியை நிறுத்தும் குழாய்

மோட்டார் வண்டி என்றதும் அதன் ஓட்டத்தைப் பற்றியே நாம் பேசத் தொடங்குகிறோம். எஞ்சினுக்கு எத்தனை குதிரைத் திறன், மணிக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பவர் பலர். அது எப்படி நிற்கிறது என்று கேட்பவர் மிகச் சிலர். நிற்க மறுத்த வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர் மட்டும் அந்தச் சிலரோடு சேர்ந்துவிடுகிறார். சென்ற மழைக்காலத்தில் நானும் அப்படிச் சேர்ந்தவன்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் பழைய அம்பாசிடர் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு வண்டி. நமக்கு அருகிலேயே, ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தர்பாராவில் பிறந்தது. ஒரு மாலை நாங்கள் நால்வர் அதில் வந்துகொண்டிருந்தோம். பல்கலைக் கழக வாயிலருகே திடீரென்று ஒரு சைக்கிள் குறுக்கிட்டது. பேராசிரியர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டியின் வேகம் ஒரு கணம் குறைந்தது. அடுத்த கணம் மிதி எவ்விதத் தடையும் இன்றித் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. சைக்கிள்காரர் தப்பினார். பேராசிரியர் பதறாமல் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தார். எதிரேயிருந்த தேநீர்க் கடையின் பெஞ்சுக்கு இரண்டு முழ தூரத்தில் வண்டி நின்றது. பெஞ்சில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடக்கூட நேரமில்லை.

அடியில் குனிந்து பார்த்தோம். பின் அச்சுக்கு மேலே பிரேக் ஆயில் வழிந்துகொண்டிருந்தது. பென்சிலைவிட மெல்லிய ஓர் எஃகுக் குழாய். அதைப் பிடித்திருந்த தகட்டுக் கவ்விக்கு அடியில், ஊசி நுழையும் அளவே ஒரு துளை. நான்கு உயிர்களையும் ஒரு கடையையும் அந்தத் துளை எவ்வளவு நெருங்கி வந்தது என்பதை எண்ணிய பிறகு, துளைபட்ட குழாயை மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. முதிய மிஸ்திரி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வண்டியிலிருந்த பிரேக் குழாய்கள் அனைத்தையும் நாங்களே புதிதாகச் செய்து பொருத்தினோம். அந்த வேலையில் கற்றவற்றை மன்றத்து நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாஸ்கல் சொன்ன வழி

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அது குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி இது. அவர் மறைந்த மறு ஆண்டு, 1663-இல், இதை விளக்கும் நூல் வெளியாயிற்று. பள்ளியில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்த பாடந்தான். ஆனால் இவ்விதி மோட்டார் வண்டிக்கு வந்து சேர இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. தொடக்க காலக் கார்களில் இரும்புக் கம்பிகளும் வடங்களுமே பிரேக்கை இழுத்தன. ஒரு சக்கரத்தின் வடம் சற்றுத் தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். திரவத்துக்கு அத்தகைய ஓரவஞ்சனை கிடையாது. அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் திரவ பிரேக்குக்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அதைத் தாங்கி வந்தது.

ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்களின் வழியே சக்கரங்களிலுள்ள வீல் சிலிண்டர்களை அடைகிறது. அவை பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் மேல் அழுத்துகின்றன. உடம்போடு ஒப்பிட்டால் மாஸ்டர் சிலிண்டர் இதயம், குழாய்கள் நாளங்கள்.

குழாய்களின் அமைப்பும் எளிது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாய் ஒரு பித்தளைச் சந்தியை அடைகிறது. அங்கிருந்து முன் சக்கரங்களுக்கு இரண்டு கிளைகள். மூன்றாவது கிளை வண்டியின் அடிவழியே பின்புறம் சென்று, பின் அச்சின்மேல் மீண்டும் இரண்டாகப் பிரிகிறது. சக்கரம் திரும்பும் இடத்திலும், அச்சு மேலும் கீழும் ஆடும் இடத்திலும் மட்டும் ரப்பர் ஹோஸ். மற்ற இடமெல்லாம் கடினமான உலோகக் குழாயே. அதற்குக் காரணம் உண்டு. ரப்பர் அழுத்தத்தில் சற்றே உப்பும். உப்பினால் காலின் விசையில் ஒரு பங்கு அதிலேயே வீணாகும். உலோகக் குழாய் அப்படி விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு

பொறியியல் மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் விடையை மட்டும் பார்த்தாலும் போதும்.

அபாய வேளையில் ஓட்டுநர் மிதியை 100 பவுண்டு விசையோடு அழுத்துகிறார் எனக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல்; அது விசையை 5 மடங்காக்கினால் பிஸ்டனுக்குக் கிடைப்பது 500 பவுண்டு. பிஸ்டனின் குறுக்களவு 7/8 அங்குலமானால் அதன் பரப்பு 0.6 சதுர அங்குலம். ஆகவே ஆயிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 830 பவுண்டு. காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு அளவே என்பதை நினைத்துக்கொண்டால் இதன் கடுமை விளங்கும்.

வழக்கமான பிரேக் குழாயின் வெளிக் குறுக்களவு 3/16 அங்குலம்; சுவரின் கனம் 0.028 அங்குலம். 830 பவுண்டு அழுத்தத்தில் அச்சுவரில் எழும் இழுவிசை சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. குழாய்க்கான மென்மையான எஃகோ 25,000 பவுண்டு வரை நிலைகுலையாமல் தாங்கும். அதாவது புதுக் குழாய் தேவைக்குப் பன்னிரண்டு மடங்கு பலம் உடையது. அப்படியானால் கவலை எதற்கு?

கவலை இங்கேதான் பிறக்கிறது. துரு அச்சுவரில் பத்தில் ஒன்பது பங்கைத் தின்றுவிட்டது என்று வையுங்கள். இழுவிசை 20,000-ஐ நெருங்கும். கணக்குப்படி குழாய் அப்போதும் தாங்கிக்கொண்டிருக்கும்! மிதியில் எவ்வித மாறுதலும் தெரியாது. வழக்கம்போல மெல்ல மிதித்து நிறுத்தும் ஓட்டுநருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். கடைசித் துளி பலத்தையும் கேட்கும் அந்த ஒரு மிதியில்தான், குழந்தையோ மாடோ சைக்கிளோ குறுக்கிட்டு அவர் ஓங்கி மிதிக்கும் அந்தக் கணத்தில்தான், குழாய் கிழியும். வாயிலருகே எங்களுக்கு நேர்ந்தது தற்செயல் அன்று. தேய்ந்த பிரேக் குழாய், தேவை மிகுந்த வேளையிலேயே கைவிடும் இயல்புடையது.

பழைய வண்டிகளுக்கு இன்னும் ஒரு குறை உண்டு. அவற்றில் மாஸ்டர் சிலிண்டரின் வழி ஒன்றே. எங்கே ஒரு துளை விழுந்தாலும் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிரேக்கை இழக்கும். பிற்காலத்தில் வழியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். அமெரிக்காவில் 1968 ஜனவரி முதல் செய்யப்படும் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 1964-ஆம் ஆண்டு அம்பாசிடருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு மிஞ்சிய துணை, வடத்தால் தனியே இயங்கும் கைப்பிரேக் ஒன்றே.

எந்தக் குழாய் வாங்குவது?

முதலில் எஃகு. வண்டியோடு வந்த குழாய் சாதாரண எஃகுக் குழாய் அன்று. செம்பு பூசிய எஃகுப் பட்டையை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையிலிட்டு அச்செம்பை உருக்கி ஒட்டவைத்த இரட்டைச் சுவர்க் குழாய். வலிவானது, விலையும் குறைவு. துரு ஒன்றே அதன் பகை. சேறு தெறிக்கும் இடத்திலும், கவ்விக்கு அடியில் ஈரம் தங்கும் இடத்திலும் அது முதலில் அரிக்கிறது. சாலையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் நம் வங்கத்து மழைக்காலமும், சென்னைக் கடற்கரையின் உப்புக் காற்றும் அதற்கு ஒன்றுபோலவே ஆகா.

இரண்டாவது வெறும் செம்பு. கையாலேயே வளையும், வெட்டவும் எளிது. பலர் இதில் மயங்குவது அதனால்தான். ஆனால் செம்பு ஓயாத அதிர்வினால் நாளடைவில் கடினப்பட்டு விரிசல் காணும். எங்கள் வண்டியைக் கழற்றியபோது இதையும் கண்ணாரக் கண்டோம். முன்னொரு காலத்தில் எவரோ துருப்பிடித்த ஒரு துண்டை வெட்டி எறிந்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் செம்புக் குழாயை வைத்து, பித்தளை வளையத்தால் இறுக்கும் இணைப்பைக் கொண்டு ஒட்டுப் போட்டிருந்தார். வளையம் கவ்விய இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது. அன்று பின் குழாய் கிழியாதிருந்தால், மற்றொரு நாள் இது முறிந்திருக்கும். நண்பர்களே, பிரேக் குழாயில் ஒட்டு வேலை கூடாது. பழுதான குழாயை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை முழுமையாக மாற்றுவதே முறை.

மூன்றாவது, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். நூற்றில் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல்; இரும்பும் மாங்கனீசும் சிறிதளவு. செம்பைப் போல் வளைய இசையும், எஃகைப் போல் அழுத்தம் தாங்கும், துரு அண்டாது. ஸ்வீடனின் வோல்வோ நிறுவனம் 1976-இல் இதைத் தன் கார்களில் இடத் தொடங்கியது. விலை அதிகந்தான். ஆயினும் நாங்கள் இதையே தேர்ந்தெடுத்தோம். துருவேறா எஃகும் கிடைக்கும். ஆனால் அதன் கடினத்தால் வாய் மடிப்பது அரிது. மடித்த வாயும் எளிதில் பொருந்தி அமராமல் கசியும். கற்றுக்கொள்வோர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நட்டிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மோரிஸ் வழிவந்த அம்பாசிடருக்கு அங்குல மரை: 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஃபியட் வழிவந்த பத்மினிக்கு மெட்ரிக் மரை. இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பது 10 மில்லிமீட்டர் நட்டு. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அங்குல நட்டு 10 மில்லிமீட்டர் துளையில் கையாலேயே ஏறிவிடும். இறுகுவது போலவும் தோன்றும். ஆனால் மரையின் நுனி மட்டுமே பற்றியிருக்கும். அழுத்தம் ஏறினால் பிடுங்கிக்கொண்டு வரலாம். ஆகவே பழைய நட்டைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்ட பின்னரே புதியதை வாங்க வேண்டும்.

கழற்றுதலும் அளத்தலும்

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். சமதரையில் நிறுத்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்பே அடியில் செல்லுங்கள்.

பழைய நட்டுகள் குழாயோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். சாதாரண ஸ்பேனர் இரண்டு முகங்களை மட்டுமே பற்றுவதால் நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும். குழாய் நுழைய ஓரிடத்தில் மட்டும் பிளவுபட்டு, மற்ற முகங்களைச் சுற்றிப் பிடிக்கும் தனி ஸ்பேனர் உண்டு. அதுவே இதற்கு உரியது. ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தில் ஹோஸின் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே நட்டைத் திருப்ப வேண்டும். இல்லையேல் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும்.

கழற்றிய குழாயைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுவே உங்கள் அளவுகோலும் வரைபடமும். ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, எங்கிருந்து எங்கே செல்வது என்று எழுதி வையுங்கள். நீளத்தை அளக்க, பழைய குழாயின் வளைவுகளை ஒட்டி ஒரு நூலைச் செலுத்தி, பிறகு அதை நேராக நீட்டி அளந்தால் போதும். வாய் மடிப்பதற்கும் கைத்தவறுக்கும் சில அங்குலம் கூடுதலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒவ்வொரு முனையிலும் வாய் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் இரு வகை உண்டு. புனல் போல் உள்நோக்கிக் குழிந்து இரட்டையாக மடிந்தது ஒன்று. குமிழ் போல் வெளியே உருண்டது மற்றொன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இரண்டையும் ஒரே வண்டியில் காணக்கூடும். துளைக்குள்ளே கூம்பு இருந்தால் புனல் வாய். குழி இருந்தால் குமிழ் வாய். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது.

வாய் மடித்தல்

இவ்வேலையின் உயிர்நிலை இதுவே. ஆயிலைத் தடுத்து நிறுத்துவது நட்டின் மரை அன்று. மடித்த இந்த வாய்தான். நட்டு அதைக் கூம்போடு அழுத்திப் பிடிப்பதோடு சரி. ஆதலால் மரையில் டேப் சுற்றுவதால் பயன் ஏதுமில்லை.

குழாயை இரம்பத்தால் அறுக்கக் கூடாது. வாய் கோணும், உலோகத் தூள் உள்ளே விழும். சிறு சக்கரம் பூட்டிய குழாய் வெட்டியால், சுற்றுக்குச் சுற்று சிறிதே இறுக்கி வெட்டுங்கள். வெட்டிய வாயின் உட்பிசிறையும் வெளிப்பிசிறையும் நீக்கி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். வெட்டு சிறிது சாய்ந்திருந்தாலும் மடிப்பு ஒரு பக்கம் அகன்றும் மறு பக்கம் குறுகியும் போகும்.

அடுத்து, குழாயைப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தில் உரிய துளையில் இறுக்குங்கள். எவ்வளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும் என்பதற்கு, கருவியோடு வரும் சிறு குமிழ்க் கட்டையின் விளிம்பே அளவு. அந்த உயரத்துக்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். முனையில் ஒரு துளி பிரேக் ஆயில் இட்டு, கட்டையின் காம்பை வாயில் செருகி, திருகை இறக்குங்கள். குழாயின் வாய் உப்பி உள்நோக்கிச் சுருளும். இது முதற்படி. கட்டையை எடுத்துவிட்டு, கூம்பு முனையால் மறுபடி அழுத்துங்கள். சுருண்ட விளிம்பு உள்ளே மடிந்து இரட்டைப் புனலாகும். இது இரண்டாம்படி. குமிழ் வாய்க்கு அச்சு வேறு. அதற்குரியதையே உபயோகிக்க வேண்டும்.

ஒற்றையாக விரித்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஒற்றை விரிப்பில் குழாயின் வெட்டு விளிம்பு வெளியே நிற்கும். விரிந்ததால் அது மெலிந்தும் இருக்கும். நட்டின் இறுக்கத்திலும் வண்டியின் அதிர்விலும் அவ்விளிம்பிலிருந்தே பிளவு தொடங்கும். இரட்டை மடிப்பில் அந்த விளிம்பு உள்ளே மறைகிறது. கூம்பின்மேல் அமர்வது இரு மடங்கு கனமுள்ள, வழவழப்பான முகம். தாய்மார்கள் துணியின் ஓரத்தை மடித்துத் தைப்பதும் இதே காரணத்துக்காகவே.

முதல் நாள் எங்கள் கையில் வந்த வாய்களில் பாதி கோணல், சிலவற்றில் பிளவு. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தோம். மூன்றாம் நாள்தான் குற்றம் சொல்ல முடியாத ஒரு குழாய் அமைந்தது. இரு முனையிலும் வட்டமான வாய், பளபளப்பான முகம். பெருமையோடு மிஸ்திரியிடம் நீட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் கேட்டார்: "நட்?"

இரண்டு நட்டுகளும் மேசையின்மேல் கிடந்தன. இரு வாயும் மடித்த பிறகு எந்த வழியாகவும் அவற்றை நுழைக்க முடியாது. நல்ல வாய் இரண்டில் ஒன்றை வெட்டி, நட்டுகளைக் கோத்து, மீண்டும் மடித்தோம். இத்தொழிலில் இறங்கிய ஒவ்வொருவரும் இத்தவற்றை ஒருமுறையாவது செய்திருப்பார்கள் என்று மிஸ்திரி ஆறுதல் கூறினார். நட்டை மாட்டும்போது அதன் முகம் எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

வளைத்தலும் பொருத்துதலும்

வாயை ஒட்டியே வளைக்கக் கூடாது. நட்டு பின்னே நகர்வதற்கும், மடிக்கும் சட்டம் பிடிப்பதற்கும் நேரான பகுதி வேண்டும். ஆகவே ஒரு முனையை மடித்து, பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து அதன்படியே வளைத்துச் சென்று, கடைசியில் மறு முனையை அளந்து வெட்டி மடிப்பது வசதி. வளைப்பதற்குச் சிறு கருவி உண்டு. இல்லாவிடில் உருண்டையான மரக்கட்டையைச் சுற்றிக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினாலும் வளையும். வளைவில் குழாய் நசுங்கினாலோ மடங்கினாலோ அதை நிமிர்த்திப் பயன்படுத்த எண்ணாதீர்கள். அந்த இடம் பலமிழந்துவிட்டது. மாஸ்டர் சிலிண்டருக்கு அருகே குழாயைச் சுருளாக வளைத்திருந்தால், அது அழகுக்காக அன்று, அதிர்வை விழுங்குவதற்காக. புதுக் குழாயிலும் அச்சுருள் இருக்கட்டும்.

பொருத்துமுன் குழாயின் உட்புறத்தைப் புதிய பிரேக் ஆயிலால் அலசி, சுத்தமான காற்றடியுங்கள். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ எஞ்சின் ஆயிலோ ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. சிலிண்டர்களிலுள்ள ரப்பர் வாஷர்கள் அவற்றில் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

எல்லா நட்டுகளையும் முதலில் விரலாலேயே சில சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு இசையாத நட்டை ஸ்பேனரால் வற்புறுத்தினால் மரை அழியும். குழாய் எங்கும் இழுபடாமல் இயல்பாக அமர்ந்த பிறகு கவ்விகளைப் போட்டு, கடைசியில் நட்டுகளை இறுக்குங்கள். சுமார் ஓரடிக்கு ஒரு கவ்வி வேண்டும்; குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் இருக்கட்டும். தகட்டுத் துளையின் ஊடே செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். புகைக் குழாயின் சூடும், அசையும் உறுப்புகளும் அதைத் தீண்டலாகாது. பாறையில் உராயும் படகுக் கயிறு போல, அதிர்வில் உராயும் குழாயும் என்றோ ஒரு நாள் அறுந்தே தீரும்.

காற்றை எடுத்தல்

இப்போது குழாய் நிறையக் காற்று. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். உள்ளே காற்று இருந்தால் காலின் உழைப்பு அதைச் சுருக்குவதிலேயே போய்விடும். மிதி பஞ்சுபோல் அமிழும். அதை வெளியேற்ற இருவர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் வலப்பக்க ஓட்டு வண்டிகளில் அது இடது பின் சக்கரம். அங்குள்ள சிறு திருகில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, மறு முனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிக் குப்பியில் அமிழ்த்துங்கள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, அடியிலிருப்பவர் திருகைத் திறந்து குமிழிகளை வெளியேற்றி மூடுவார். மூடிய பின்பே மிதியை விட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை இது தொடரும். இடையில் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் வற்றினால் காற்று மறுபடி நுழைந்து, உழைப்பெல்லாம் பாழாகும்.

"மிதி! பிடி! விடு!" என்ற கூச்சல் அன்று மாலை நெடுநேரம் கேட்டது. வண்டிக்கு அடியிலிருந்த வங்காளி மிஸ்திரியும் இந்த மூன்று சொற்களைத் தமிழில் கற்றுக்கொண்டார்.

பிரேக் ஆயிலைப் பற்றி இரண்டு சொற்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிய பின்போ அதற்கு விதித்த குறைந்த அளவு 140 டிகிரிதான். மலைச்சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஈரம் ஆவியானால் மிதி காற்றில் அழுந்துவது போலாகும். அந்த ஈரமே குழாயையும் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கிறது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. குப்பியில் சேர்ந்த பழைய ஆயிலை மீண்டும் ஊற்றாதீர்கள். வண்டியின் வண்ணத்தில் சிந்தினால் உடனே நீர்விட்டுக் கழுவுங்கள்; வண்ணம் உரிந்துவிடும்.

கடைசிச் சோதனை

எல்லா இணைப்புகளையும் உலரத் துடைத்துவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து மிதியைத் தம் முழுப் பலத்தோடு சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மென்மையாக மிதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. மேலே கண்ட கணக்கை நினைவுகூருங்கள்: கடும் அழுத்தத்தில் நிலைப்பதே நிலைப்பு. அடியிலிருப்பவர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். தாளில் ஈரம் கண்டால் நட்டை மேலும் மேலும் முறுக்காதீர்கள். கழற்றி வாயைப் பாருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்துள்ளது என்று பொருள். பழக்கமுள்ள ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, ஆளில்லாத வெளியில், நடை வேகத்தில், கைப்பிரேக்கில் ஒரு கையோடு ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் எல்லா இணைப்புகளையும் பாருங்கள்.

எங்கள் சோதனையில் ஆறு குழாய்களின் இணைப்புகள் உலர்ந்தே இருந்தன. ஏழாவதில், முன் இடச் சக்கரத்தருகே, தாளில் கடுகளவு ஈரம் தெரிந்தது. இரவு பத்து மணி. கடுகளவுதானே, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒரு நண்பர். மிஸ்திரி பதில் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்து அந்தக் குழாயைக் கழற்றத் தொடங்கினார். வாயின் ஒரு பக்கம் மயிரிழை அளவு குறுகியிருந்தது. அதை மடித்தவன் நான். அன்றிரவே புதுக் குழாய் செய்து பொருத்திவிட்டுத்தான் விடுதிக்குத் திரும்பினோம்.

தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றால் நாம் மகிழ்கிறோம், மகிழ்வதும் நியாயமே. ஆனால் பதினான்கு வாய்களில் பதின்மூன்று சரியாக இருந்த அந்த வண்டி நிற்காது. உத்தர்பாராவில் அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. ஆயினும் நம் வீடுகளிலும், ஊரிலுள்ள பெரியப்பா சித்தப்பா வீடுகளிலும் இன்னும் எத்தனையோ பழைய கார்கள் அன்போடு காக்கப்படுகின்றன. விடுமுறைக்குச் செல்லும்போது அவற்றின் மேற்பூச்சைப் பார்த்துப் புகழ்வதோடு நில்லாமல், ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து, பின் அச்சின் மேலுள்ள அந்த மெல்லிய குழாயையும், அதன் கவ்விகளுக்கு அடியில் இருப்பதையும் ஒருமுறை பாருங்கள். விரல் பட்டதும் துரு செதிலாக உதிர்ந்தால், அந்த வண்டியை அன்று எவரும் வெளியே எடுக்க வேண்டாம்.